மூலிகையும் புற்றுநோய் உயிரணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடிகளிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவை புற்றுநோய் உயிரணுக்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பது என் வேலை. சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் காய் வாங்கும்போதும், கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதும், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். சிலர் பள்ளித் திட்டவேலைக்காகக் கேட்கும் மாணவர்கள். சிலர் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து தவிப்பவர்கள். இரண்டு தரப்புக்கும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

செடியிலிருந்து புற்றுநோய்க்கு உண்மையிலேயே மருந்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுகிறது.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் தாழ்வாரத்தில் தொட்டியில் வைத்திருப்பார்களே, வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூக்குமே, அதே செடிதான். தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். பூர்வீகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்ற தகவல் 1950களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் நோபிளுக்கு எட்டியது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் இலைச்சாற்றை ஊசியாகப் போட்ட எலிகளுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன, எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டது. சோதனை தோற்றது என்று அத்தோடு மூடிவைத்திருக்கலாம். வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று யோசித்தார்கள். சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க, 1958இல் வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினையும் எடுத்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இல்லாத சிகிச்சைத் திட்டமே இல்லை எனலாம். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 என்ற சிகிச்சைத் திட்டத்திலும் அது உண்டு. நம் பிள்ளைகள் பலர் பிழைத்திருப்பதில் அந்தச் செடிக்கும் பங்கு இருக்கிறது.

அடுத்தது பாக்லிடாக்செல். அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையை 1962இல் சேகரித்தார்கள். வேதியியலாளர்கள் மன்றோ வால், மன்சுக் வாணி இருவரும் மூலக்கூறின் வடிவத்தை 1971இல் வெளியிட்டார்கள். அது உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்பதை சூசன் ஹார்விட்ஸ் 1979இல் கண்டுபிடித்தார். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். பட்டையை உரித்ததிலிருந்து கணக்குப் போட்டால் 30 ஆண்டு.

அதே வால், வாணி குழுதான் 1966இல் சீனத்து மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசினையும் பிரித்தது. இதில் தமிழர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் காம்ப்டோதெசின் இருப்பதை 1972இல் விசுவநாதனோடு சேர்ந்து அறிவித்தார். சீன மரத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. பிற்பாடு அந்த மேற்கு மலை மரத்தை மருந்துக்காக வெட்டி வெட்டியே அருகிப்போகச் செய்துவிட்டார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

காம்ப்டோதெசினை முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையும் குடலும் தாங்கவில்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள். பிறகு மூலக்கூறைச் சற்றே மாற்றி டோபோடெக்கான், இரினோடெக்கான் என்று இரண்டு மருந்துகளை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் இரண்டுக்கும் 1996இல் அனுமதி. செடி கொடுத்த வடிவம் அப்படியே மருந்தாவது அபூர்வம் என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

தயவுசெய்து கூடாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதைவிடவும் அரிது. அதே இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ஒரு கைப்பிடி இலையில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் வின்கிரிஸ்டினை ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போக விடமாட்டார்கள். அதையும் ரத்தக்குழாய் வழியாக மட்டும், உடல் பரப்பளவைக் கணக்கிட்டு ஏற்றுவார்கள். அளவு சற்றுக் கூடினாலும் நரம்புகள் பாதிக்கப்படும், கைகால் மரத்துப்போகும், குடல் அசையாமல் நின்றுவிடும்.

ஆய்வுக்கு எந்தச் செடி என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பாட்டி வைத்தியம் ஒரு வழி. சித்தம், ஆயுர்வேதம், சீன மருத்துவம், மலாய் மருத்துவம் நான்கும் ஒரே சந்தையில் சந்திக்கும் ஊர் இது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள் ஒரே செடியை ஒரே காரணத்துக்குப் பயன்படுத்தினால் அதைக் கட்டாயம் பார்ப்போம். நல்ல மருந்துப்பொருள் கொடுத்த செடியின் உறவுக்காரச் செடிகள் இன்னொரு வழி. மூன்றாவது, பெரிய சேமிப்பகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான சாறுகளை இயந்திரத்தில் வைத்து ஒட்டுமொத்தமாகச் சோதிப்பது. சிங்கப்பூரில் ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பிடம் அப்படிப்பட்ட இயற்கைப்பொருள் சேமிப்பகம் ஒன்று இருக்கிறது.

சித்த மருத்துவ நூல்களில் 'புற்று' என்று எழுதியிருப்பதெல்லாம் இன்றைய புற்றுநோய்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறாத புண், கட்டி, மூலம் எல்லாமே அந்தப் பேரில் வரலாம். இருந்தாலும் அந்தக் குறிப்புகளை நான் மதிக்கிறேன். எதைத் தொட்டால் ஆபத்து என்பதை அவை தெளிவாகச் சொல்கின்றன. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடாதே என்பதை வேதியியல் படித்த பிறகுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

பூங்காவில் பறித்துக்கொள்ளலாமா? இந்தியாவில் நம் ஊரிலிருந்து கொண்டுவரலாமா?

பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் பறிப்பது சட்டப்படி குற்றம். ஆய்வுக்கு வேண்டுமென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து ஆய்வு செய்வதும் அவ்வளவு எளிதில்லை. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவரும் வெளிநாட்டு நிறுவனங்களும் இந்தியச் செடியை ஆய்வுக்கு எடுக்க முன் அனுமதி வேண்டும். அதைக் கொடுக்கும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. மரபறிவை இலவசமாக எடுத்துப் போய்க் காப்புரிமை வாங்கிய கதைகள் நிறைய நடந்த பிறகு வந்த சட்டம் அது. அலைச்சல்தான், ஆனால் நியாயமான அலைச்சல்.

அனுமதியைவிட முக்கியம் அடையாளம். பறித்த செடியில் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி ஒரு தாவர மாதிரியகத்தில் வைக்க வேண்டும். நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், இருக்கும் மாதிரியகத்தில் இப்படிச் சுமார் 7,50,000 மாதிரிகள் இருக்கின்றன. கீழாநெல்லியைப் பாருங்கள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மூன்று இனங்களை நாம் அதே பேரால் அழைக்கிறோம். இந்தியாவில் பைலாந்தஸ் நிரூரி என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பைலாந்தஸ் அமாரஸ். சிங்கப்பூர்ப் புல்தரையில் சிவந்த தண்டோடு முளைப்பது பைலாந்தஸ் யூரினேரியா. மாதிரி வைக்காமல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் எது எது என்று பத்து வருடம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆளே இருக்காது.

சரி, செடியிலிருந்து ஒரே ஒரு பொருளை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

முதலில் காய வைக்க வேண்டும். கேட்க எளிது. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் நிழலில் பரப்பிவைத்தால் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சையும் தன் பங்குக்கு நச்சுப்பொருள்களைச் சுரக்கும். அது தெரியாமல் சோதித்தால் செடியின் பேரில் பூஞ்சையைப் புகழ்ந்துகொண்டிருப்போம். அதனால் 40 டிகிரிக்கு மேல் போகாத உலர் அடுப்பில் வைக்கிறோம்.

பிறகு பொடித்து, எத்தனால் அல்லது மெத்தனாலில் ஊறவைப்போம். வடிகட்டி, சுழல் ஆவியாக்கியில் குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஓட்டினால் அடியில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று தங்கும். அதுதான் கச்சாச்சாறு. அதில் பச்சையம், மெழுகு, சர்க்கரை, டானின் எல்லாம் கலந்து கிடக்கும். அதைத் தண்ணீரில் கலந்து, முதலில் ஹெக்சேன், அப்புறம் எத்தில் அசிட்டேட், அப்புறம் பியூட்டனால் என்று வரிசையாகக் குலுக்கிப் பிரிப்போம். எண்ணெய்த்தன்மை உள்ளவை ஒரு பக்கமும் நீர்த்தன்மை உள்ளவை மறுபக்கமும் ஒதுங்கும்.

இந்த இடத்தில் ஒவ்வொரு பகுதியையும் புற்றுநோய் உயிரணுக்கள் மேல் போட்டுப் பார்த்துவிடுவோம். எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அதை மட்டும் மேலும் உடைப்போம். உடைத்ததையும் திரும்பச் சோதிப்போம். சோதனை முடிவே வழிகாட்டியாக இருப்பதால் தேவையில்லாததைப் பிரித்து நேரத்தை வீணாக்க மாட்டோம். ஆனால் சில நேரம் பிரிக்கப் பிரிக்க வீரியம் குறைந்து, கடைசியில் எதிலுமே இல்லாமல் போய்விடும். இரண்டு மூன்று பொருள்கள் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம், அல்லது அந்தப் பொருள் வழியில் சிதைந்திருக்கலாம். மாணவர்கள் மனம் உடைந்துபோவது இங்கேதான்.

உடைக்கும் வேலை பெரும்பாலும் நிறப்பிரிகையில் நடக்கும். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா பொடியை நிரப்பி, மேலே சாற்றை வைத்து, கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருப்போம். தீபாவளிச் சந்தை நேரத்தில் சிராங்கூன் சாலையில் நடக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைகள் மேல் ஈர்ப்பு உள்ளவர் ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருவார், இல்லாதவர் விறுவிறுவென்று சாலை முனைக்கு வந்துவிடுவார். சிலிக்காவோடு ஒட்டும் மூலக்கூறு மெதுவாகவும் ஒட்டாதது வேகமாகவும் கீழே இறங்கும். இறங்குவதைச் சிறுசிறு குப்பிகளில் பிடிப்போம். கடைசிச் சுத்திகரிப்பு உயர் அழுத்த நிறப்பிரிகைக் கருவியில்.

ஒரு கிலோ காய்ந்த இலையில் தொடங்கினால் கையில் மிஞ்சுவது பல நேரம் சில மில்லிகிராம் வெள்ளைப் பொடிதான். அதன் எடையை நிறைமாலைமானியும், அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டுள்ளன என்பதை அணுக்கருக் காந்த ஒத்திசைவுக் கருவியும் சொல்லும். இவ்வளவும் செய்து முடித்தபின், ஏற்கெனவே 1970களில் யாரோ கண்டுபிடித்து எழுதிய பொருள் அது என்று தெரியவரும். அதைத் தவிர்க்கத்தான் இப்போது ஆரம்பத்திலேயே கச்சாச்சாற்றின் நிறைகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் தெரிந்தவற்றைக் கழித்துவிடுகிறோம்.

புற்றுநோய் உயிரணுக்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? நோயாளிகளிடமிருந்தா?

ஒரு காலத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தவை. அதற்குப் பிறகு ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருப்பவை. முதலாவது ஹீலா. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. அதே ஆண்டு அவர் 31 வயதில் இறந்தார். அவர் உயிரணுக்கள் உலகம் முழுக்கப் போயின. அவர் குடும்பத்துக்கோ பல ஆண்டுகள் எதுவும் தெரியாது. ஹீலாவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு எம்சிஎஃப்-7, கல்லீரலுக்கு ஹெப்ஜி2, நுரையீரலுக்கு ஏ549 என்று இப்படிப் பெருக்கிவைத்த உயிரணு வரிசைகள் உண்டு. ஒன்றில் மற்றொன்று கலந்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் என்று நினைத்து எத்தனையோ தாவர ஆய்வுகளில் பயன்படுத்திய கேபி என்ற வரிசை உண்மையில் ஹீலாதான் என்று பின்னர் தெரிந்தது. அதனால் இன்று நல்ல இதழ்கள் மரபணு அடையாளச் சான்று கேட்கின்றன.

சோதனை எப்படி நடக்கும்?

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் உயிரணுக்களை விட்டு, 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கரியமிலவாயு உள்ள பெட்டியில் ஒரு நாள் ஒட்டவிடுவோம். மறுநாள் நம் பொருளைப் பல செறிவுகளில் சேர்ப்போம். இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கும் உயிரணு அதை ஊதாப் படிகமாக மாற்றும், செத்தது மாற்றாது. ஊதா எவ்வளவு என்பதைக் கருவி அளக்கும். வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவுக்கு ஐசி50 என்று பேர். அது எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு வீரியம்.

இதில் தாவர ஆய்வாளரை ஏமாற்றும் குழிகள் உண்டு. செடியில் நிறைய இருக்கும் பாலிபினால்கள், உயிரணுவே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த உயிரணு உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். நிறமுள்ள சாறு கருவியின் கண்ணை மறைக்கும். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ திரவம் கொஞ்சம் அதிகமானால் அதுவே கொல்லும். ஆகவே உயிரணு இல்லாத குழி, டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழி, ஏற்கெனவே தெரிந்த மருந்து உள்ள குழி மூன்றும் தட்டில் இல்லாவிட்டால் அந்த முடிவை நான் படிப்பதே இல்லை.

'இந்த இலை 99 சதவீதப் புற்றுநோய் செல்களைக் கொன்றது' என்று செய்தி வருகிறதே?

கொன்றிருக்கலாம். தட்டில் உயிரணுவைக் கொல்வது இந்தத் துறையிலேயே ஆக எளிய வேலை. சமையல் உப்பைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாலும் செத்துவிடும். எந்த அளவில் கொன்றது, நல்ல உயிரணுவை விட்டுவைத்ததா என்பதைக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐசி50 ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று கட்டுரை சொல்கிறது. பெரியவர் ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவு வர 500 மில்லிகிராம் சாறு முழுசாக உள்ளே போய்ச் சேர வேண்டும். உடலின் மொத்த நீர் சுமார் 40 லிட்டர். அதில் பரவினால் 4 கிராம். வாயால் குடிப்பதில் பெரும்பகுதி குடலைத் தாண்டாது, தாண்டியதைக் கல்லீரல் உடைக்கும். அந்த அளவு கட்டி வரைக்கும் போய்ச் சேராது. பாக்லிடாக்செல் மாதிரி மருந்துகளோ மில்லிலிட்டருக்குச் சில நானோகிராமிலேயே வேலை செய்கின்றன, பல்லாயிரம் மடங்கு குறைவான அளவில். கச்சாச்சாறு மேற்கொண்டு பார்க்கத் தகுந்ததா என்பதற்கு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்பதைத்தான் வழக்கமான எல்லையாக வைத்திருக்கிறோம்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர இனங்களைச் சோதித்தது. அத்தனையிலிருந்தும் பெரிய மருந்தாக வளர்ந்தவை பாக்லிடாக்செலும் காம்ப்டோதெசின் வழி வந்தவையும்தான். தட்டில் ஜெயித்தவை ஆயிரக்கணக்கில் இருந்தன.

மஞ்சள்?

சமையலில் போடுங்கள், நல்லது. குர்குமின் தட்டில் ஏறத்தாழ எல்லாப் புற்றுநோய் உயிரணுவையும் தடுக்கிறது, அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். எதைத் தொட்டாலும் ஒட்டும் மூலக்கூறு அது. உடல் வெப்பத்தில் உப்புக் கரைசலில் விட்டால் அரைமணிக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் மிகச் சொற்பமே தெரியும். 2017இல் வந்த விரிவான மருந்து வேதியியல் ஆய்வு, அதுவரை நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளில் இரட்டை மறைவு முறையில் (யாருக்கு உண்மை மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்துவது) வென்றது ஒன்றுகூட இல்லை என்று எழுதியது.

முள் சீத்தா இலை, சபா பாம்புப்புல் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

மலாய்க்காரர்கள் டுரியான் பெலாண்டா என்று சொல்லும் முள் சீத்தாவில் அசிட்டோஜெனின்கள் இருக்கின்றன. உயிரணுவின் சக்தி ஆலையான மைட்டோகாண்ட்ரியாவை அவை முடக்கும். தட்டில் மிகப் பலமாகக் கொல்லும். நரம்பு உயிரணுக்களுக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டுமே! கரீபியத் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அனோனாசின் என்ற பொருள் மேல்தான் சந்தேகம். உணவங்காடியில் எப்போதாவது ஒரு கோப்பை சாறு குடிப்பதற்கு நான் தடை சொல்லவில்லை. மாதக்கணக்கில் தினமும் இலைக் கஷாயம் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

சபா பாம்புப்புல்லைப் பச்சை ஆப்பிளோடு அரைத்துக் குடிக்கும் பழக்கம் இங்கேயும் ஜொகூரிலும் பரவலாக இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறை, இங்கே மக்கள் பயன்படுத்தும் ஏழு செடிகளை ஏழு வகைப் புற்றுநோய் உயிரணுக்களில் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. பாம்புப்புல்லும் பட்டியலில் இருந்தது. நம்பிக்கை தருபவையாக அவர்கள் எடுத்துச் சொன்ன மூன்று வேறு: லீயா இண்டிகா, ஆப்பிரிக்க இலை, நொச்சிக்கு உறவான வைடெக்ஸ் டிரைஃபோலியா. அவையும் தட்டில்தான். மேற்கொண்டு ஆராய வேண்டியவை என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைதானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?

எல்லாக் கேள்விகளிலும் என்னை அதிகம் பதறவைப்பது இதுதான். செடி புற்றுநோயை உண்டாக்கவும் செய்யும்.

ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை என்று நாம் சொல்லும் செடிகள் அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தவை. பாம்புக்கடிக்குப் பேர்போனவை. அவற்றில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகைக் குளிகையில் இதே இனச் செடி கலந்திருந்ததால் பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் அது வெளியே தெரிந்தது. பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. இந்த அமிலம் மரபணுவில் தனி அடையாளத்தோடு ஒரு தழும்பை விட்டுச் செல்லும். அந்தத் தழும்பைப் புற்றுக் கட்டிகளில் படித்துக் காட்டியவர்களில் நம் தேசிய புற்றுநோய் நிலையத்தையும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். தைவான் குழுவோடு சேர்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கல்லீரல் புற்றுநோயிலும் அதே தழும்பு தெரிந்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தச் செடிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குடிப்பவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல ஆண்டு கழித்துத்தான் நோய் வரும். அதனால்தான் பாட்டன் காலத்திலிருந்து பயன்படுத்துகிறோம் என்பது மட்டும் எனக்குப் போதுமான சான்றாகத் தோன்றுவதில்லை.

கடையில் 'புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று விற்கிறார்களே, அரசு அனுமதித்திருக்குமா?

சிங்கப்பூரில் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே மருந்துச் சட்டப்படி தடை. ஆயுர்வேத, சித்த, ஜாமு (மலாய் மரபு மருந்து) பொருள்கள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றையும் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. பாதரசம், ஈயம் போன்றவற்றுக்கு எல்லை உண்டு, ரசாயன மருந்து கலக்கக் கூடாது. அதை மீறி ஸ்டீராய்டு கலந்த பொருள்கள் பிடிபட்டதாக ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. குடித்த இரண்டாம் நாளே வலி பறந்து பசி எடுத்தால், மகிழ்வதற்கு முன் அதை நினைத்துப் பாருங்கள்.

தொடக்கக் கல்லூரி மாணவன் நான். திட்டவேலைக்குப் புற்றுநோய் உயிரணுவில் சோதிக்க ஆசை.

ஆசை நல்லது தம்பி. ஆனால் மனித உயிரணுவைக் கையாளப் பாதுகாப்புப் பயிற்சியும் கிருமியற்ற காற்றுப்பெட்டியும் வேண்டும். பல்கலைக்கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ ஒரு வழிகாட்டி கிடைத்தால் ஒழிய நடக்காது. பள்ளியிலேயே செய்ய இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று வெங்காய வேர்முனை. சாறு கலந்த நீரில் வேர் விடவைத்து, நுண்ணோக்கியில் பிரியும் உயிரணுக்களை எண்ணலாம். வின்பிளாஸ்டின் மாதிரி உயிரணுப் பிரிவைக் கெடுக்கும் பொருளின் வேலை இதில் கண்ணுக்கே தெரியும். மற்றது உப்புநீர் இறால் குஞ்சு. மீன் கடையில் முட்டை கிடைக்கும், ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தாவரச் சாறுகளுக்கென்றே வகுத்த சோதனை அது. கட்டுப்பாட்டுக் குழியை மறக்காதே, செடியின் மாதிரியை அழுத்தி வை.

அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. கூடவே கஷாயம் கொடுக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. சொன்னால்தான் அம்மாவுக்குப் பாதுகாப்பு.

காரணம் இதுதான். பாக்லிடாக்செல், வின்கிரிஸ்டின், இரினோடெக்கான் எல்லாவற்றையும் உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளில் பல மூலிகைகளும் கை வைக்கின்றன. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையை இரினோடெக்கானோடு எடுத்தவர்களின் ரத்தத்தில், மருந்தின் வீரியமான வடிவம் 42 சதவீதம் குறைந்ததாக 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. சிகிச்சை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, மருந்து பாதிக்குச் சற்று மேல்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேறு சில மூலிகைகள் எதிர்த்திசையில் மருந்தைத் தேக்கி நச்சாக்கும். அறுவைச் சிகிச்சைக்கு முன் மஞ்சள், பூண்டு குளிகைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். வெள்ளை அணு குறைந்திருக்கும் நாள்களில் பச்சை இலையை அரைத்துக் கொடுத்தால் மண்ணில் இருக்கும் கிருமியும் சேர்ந்து போகும். வழக்கமான ரசம், இஞ்சி, சமையல் மஞ்சள் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவமனை மருந்தாளரிடமே கேட்கலாம்.

போகும்போது பாக்கெட்டையே எடுத்துச் செல்லுங்கள். பச்சை இலை என்றால் பூவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர், நாளைக்கு எத்தனை வேளை, எப்போது தொடங்கினீர்கள் என்பதை எழுதிவையுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, அதையும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், கஷாயத்தால் கல்லீரல் சோதனை எண்கள் ஏறும்போது மருத்துவர் கீமோ மருந்தைத்தான் சந்தேகிப்பார். அம்மாவுக்கு வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார்.